மனுசியின் ஊரை நான் பகிஷ்கரித்த நாள்

சிலருக்கு அரசியல் தலைக்கு ஏறும். எனக்கு அது வயிற்றில் இறங்கியது.

நான் உடுப்பிட்டி. மனுசி வலிகாமத்தில் ஒரு ஊர். (பேரைச் சொன்னால் வீட்டில் சோறு கிடைக்காது.) பிரதேச சபைத் தேர்தலில் மனுசியின் தமையன், என் மச்சான், அங்கே நின்று தோற்றார். எனக்குக் கண்ணில் காட்டக்கூடாத கட்சி வென்று, அவர்களின் ஆள் சபைக்குத் தலைவராக, தவிசாளர் ஆனார்.

"உந்த ஊரிலை இனிப் பச்சைத் தண்ணியும் குடிக்கமாட்டன்" என்று அறிவித்தேன்.

அடுத்த மாதமே மச்சானின் புது வீட்டுக் குடிபூரல்.

"வரமாட்டியளோ?" என்றாள் மனுசி.

"வாறன். ஆனால் வாயிலை ஒண்டும் வைக்கமாட்டன்."

"அண்ணைக்காகவோ?"

"கொள்கைக்காக."

காலையில் தேத்தண்ணிகூடக் குடிக்காமல் வெளிக்கிட்டேன். (உடுப்பிட்டியில் குடித்துவிட்டுப் போயிருக்கலாம் என்பது பிறகுதான் மூளைக்கு எட்டியது.)

போய்ப் பார்த்தால், தோற்ற மச்சானும் வென்ற தவிசாளரும் பந்தலுக்குள் பக்கத்தில் பக்கத்தில் இருந்து வடை சாப்பிடுகிறார்கள். மச்சானை ஒரு கரைக்குக் கூட்டிப்போனேன்.

"உவர் ஏன் இஞ்சை?"

"பக்கத்து வீடு. பந்தல் போட்டதே அவர்தான்."

"அவருக்கு எதிராயெல்லே நிண்டனீங்கள்?"

"ஓம். அடுத்த முறையும் நிப்பன். நீர் வடை எடும்."

யாருக்காகப் பட்டினி கிடக்கிறேன் என்பதே குழம்பிப் போனது. சொன்ன சொல்லையும் விட முடியவில்லை. வெயிலில் நின்று யோசித்தேன். யோசித்து முடியுமுன் கண் இருட்டியது.

விழித்தபோது ஓடுகிற வாகனத்தில் கிடந்தேன். மச்சான் ஓட்டினார், முன்னால் மனுசி. என் தலை தவிசாளரின் மடியில். தெல்லிப்பழை ஆஸ்பத்திரிக்காம்.

"தம்பி, எங்கடை ஊர் பிடிக்கேல்லையோ?" என்று அவர் விசிறிக்கொண்டே கேட்டார்.

அரை மயக்கத்தில் உண்மை வந்து விழுந்தது. "ஊர் நல்லம். சபைதான் சரியில்லை."

மனுசி முன்னாலிருந்து திரும்பி முறைத்தாள்.

"ஓம் தம்பி" என்றார் தவிசாளர். "எனக்கும் அப்பிடித்தான் கிடக்குது."

எதிரியே ஒத்துக்கொண்டால் நான் எந்தப் பக்கம்?

"கடைசியா எப்ப சாப்பிட்டவர்?" என்று டொக்டர் கேட்டார்.

மனுசி முந்திக்கொண்டாள். "எலெக்‌ஷனுக்கு முதல், டொக்டர்."

அந்த ஊர் றோட்டில் பள்ளம் வந்தால் இப்போதும் கோபம் வருகிறது. விசிறிய கை நினைவுக்கு வந்தால் அது எங்கேயோ போய்விடுகிறது. ஒரு முடிவுக்கு வர முடியவில்லை.

முடிவு கேட்கிறவர்கள் மட்டும் குறையவில்லை. நான் மச்சான் வீட்டுப் படலையைத் திறந்தாலே அவரின் மகள் குசினி ஜன்னலால் எட்டிப் பார்ப்பாள்.

"மாமா, இண்டைக்கு எங்கடை ஊர் பிடிக்குமோ, பிடிக்காதோ? சொன்னால் அம்மா அளவா அரிசி போடுவா."