நான் பெண் கேட்டுப் போகவில்லை

நடந்ததைச் சொல்வதற்கு முன், அது நடக்கும்வரை நான் யாராக இருந்தேன் என்பதைப் பதிவு செய்துவிட வேண்டும். நான் பல்கலைக்கழகப் பட்டதாரி. இரண்டு பாடசாலைகளில் அதிபராக இருந்து ஓய்வு பெற்றவன். கோயில் நிர்வாக சபையின் செயலாளர். சமாதான நீதவான். (தாள்களை அத்தாட்சிப்படுத்தும் முத்திரையைச் சட்டைப்பையிலேயே வைத்திருப்பேன். ஆரு எப்ப கேப்பாங்க எண்டு சொல்லேலாது.) நாவற்குடாவில் நான் வீதியில் நடந்தால் சைக்கிளில் வருகிறவர்கள் இறங்குவார்கள். இறங்காதவர்களும் மிதிப்பதையாவது நிறுத்துவார்கள்.

நான் பிறந்தது களுவாஞ்சிக்குடியில். நாவற்குடாவில் இப்போது நான் இருக்கும் வீடு என் மனைவி செல்வராணியினுடையது. இதில் குறைவு ஒன்றுமில்லை. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். கலியாணம் முடிந்ததும் மாப்பிள்ளைதான் பெட்டியோடு வந்து சேருவான். ஆகவே, மகன் உள்ளவர்கள் ஒரு பெண்பிள்ளையின் வீட்டுக்கு வந்து, பழம் வைத்துவிட்டு, "இந்த வீடு யாருடைய பெயரில்?" என்று விசாரித்தால் அதற்கு ஒரேயொரு பொருள்தான் உண்டு. பால்குடிப் பிள்ளைக்கும் தெரிந்த இந்த உண்மை ஒரு வெள்ளிக்கிழமை காலை ஒன்பதேகாலிலிருந்து பத்தரை வரை எனக்கு மட்டும் தெரியாமல் போயிற்று.

நகரத்து இளம் பெண்களைக் கைதூக்கிவிடுவதற்கென ஒரு சங்கம் தொடங்கினார்கள். ஒவ்வொரு வழிகாட்டிக்கும் ஆறு பெண்கள். வழிகாட்டியாக என்னை அழைத்தபோது நான் இரண்டு நாள் அவகாசம் கேட்டேன். (கேட்ட உடனே ஓம் எண்டால் மரியாதை இல்லை.) தொடக்க விழாவில் ஐம்பத்தைந்து நிமிடம் பேசினேன். "பெண்ணே, உன் குரலை உயர்த்து" என்பது பேச்சின் பொருள். நடுவில் ஒலிவாங்கி செத்துப்போயிற்று. ஒரு பிள்ளை கேட்காமல் கொள்ளாமல் மேடைக்கு வந்து, வயரைப் பிரித்துப் பல்லால் கடித்து முறுக்கிச் சரிசெய்துவிட்டு இறங்கிப் போனாள். சபை கைதட்டியது. அது என் பேச்சுக்கு என்று நான் எடுத்துக்கொண்டேன்.

அவள்தான் கஜந்தினி. வயது இருபத்துநான்கு. என் ஆறு பேரில் ஒருத்தி. கொழும்பில் விடுதியோடு கூடிய ஒன்பது மாதப் பயிற்சி ஒன்றுக்கு அவள் தெரிவாகியிருந்தாள். குளிரூட்டியும் குளிர்சாதனப்பெட்டியும் திருத்தும் தொழில். எங்கள் மாவட்டத்திலிருந்து தெரிவான பெண் அவள் மட்டும்தான். விடுதிக்கு, பெண்பிள்ளைகள் என்றால் தகப்பனின் ஒப்பமும் அதன் கீழ் சமாதான நீதவானின் முத்திரையும் வேண்டும். வருகிற புதன்கிழமை நான்கு மணிக்குள் தாள் சங்க அலுவலகத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் இடம் அடுத்தவருக்கு.

"சேர், வீட்டில இன்னும் சொல்லல்ல. கொழும்பு எண்டாலே அப்பாக்குப் பயம்" என்றாள். "நீங்க வந்து சொன்னாக் கேப்பாரு. ஆனா வந்த உடனே படிப்பப் பத்தியே சொல்லிருங்க சேர். சுத்தி வளைச்சுக் கதைச்சா எங்கட வீட்டில விளங்காது."

இளமையின் அவசரம் என்று நினைத்தேன். செருப்பைக் கழற்றிய கையோடு விஷயத்தைச் சொல்லுகிறவன் மின்மானி வாசிக்க வந்தவனாக இருப்பான். கனவானாக இருக்க மாட்டான்.

வெள்ளிக்கிழமை கோயில் பூசை முடித்து, பட்டு வேட்டியோடும் சால்வையோடும் அப்படியே புறப்பட்டேன். ராகுகாலத்துக்கு முன் போய்ச் சேர வேண்டும் என்று கணக்குப் பார்த்தேன். "ஆருட வீட்டுக்கு?" என்று செல்வராணி கேட்டாள். "ஒரு பிள்ளையின் எதிர்காலம் சம்பந்தமாக" என்றேன். (எங்கட வீட்டில எனக்கு நேரடியாப் பதில் சொல்லிப் பழக்கமில்லை.) "வெறுங்கையோட போகாதீங்க" என்று வளவில் பழுத்திருந்த கதலியில் ஒரு சீப்பை வெட்டித் தந்தாள்.

வாவிக்கரையோரம் ஓர் ஒழுங்கையில் கஜந்தினியின் வீடு. தகப்பன் நாகராசா மேசன் வேலை செய்பவர். என்னை வாசலில் கண்டதும் சாரத்தை இறக்கிவிட்டுக்கொண்டு ஓடிவந்தார். தாய் பூமணி கதிரையைத் துடைத்துப் போட்டாள். நான் பழத்தை மேசையில் வைத்து, சால்வையைச் சரிசெய்து, "உங்கள் மகளின் எதிர்காலத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்" என்றேன்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பூமணி உடனே தொலைபேசியை எடுத்துத் தன் தம்பியை வரச் சொன்னாள். பெண்பிள்ளையின் காரியத்தில் தாய்மாமன் இல்லாமல் எப்படி என்றாள். ஐந்து நிமிடத்தில் அவர் முச்சக்கரவண்டியில் வந்திறங்கினார். சமூகப் பங்களிப்பு என்று சங்கத்தார் சொல்வது இதைத்தான் என்று எனக்குள் மெச்சிக்கொண்டேன்.

பிறகு சங்கம் தந்த வீட்டுத் தரிசிப்புப் படிவத்தை மடியில் வைத்து, ஒழுங்கு தவறாமல் கேட்டேன்.

"பிள்ளையின் உயரம் என்ன?" (பயிற்சிச் சீருடை தைப்பதற்கு.)

"அஞ்சடி மூணு, ஐயா" என்றாள் பூமணி. "புள்ள, எழும்பி நில்லு. ஐயா பாக்கட்டும்."

"உடம்புக்கு ஏதும் வருத்தம், இழுப்பு?"

"காய்ச்சல் எண்டு கூடப் படுத்ததில்ல. கண்ணாடியும் போடுறல்ல."

"வீடு யாருடைய பெயரில்?"

"மனிசிட பேரில இரிக்கு. மறுகா மகளுக்குத்தான்" என்றார் நாகராசா. "மேல்மாடிக்குக் கம்பி விட்டிரிக்கன் ஐயா. அவங்க வந்தா ஒரு மாசத்தில கட்டிருவன்."

"அவங்க" என்பது யார் என்று நான் கேட்டிருக்க வேண்டும். நான் கேட்டது வேறு. "காணிக்கு உறுதிப் பத்திரம் இருக்கிறதா, அல்லது அரசாங்கம் தந்த பெர்மிட் காணியா?" படிவத்தில் இருந்தது. நாகராசா உள்ளே போய், பொலித்தீன் பையில் சுற்றிய உறுதியையே கொண்டுவந்து இரு கைகளாலும் நீட்டினார். இத்தனை ஒத்துழைப்பை நான் எந்தத் திணைக்களத்திலும் கண்டதில்லை.

"ஐயாட மகன் கட்டார்லதானே?" என்றார் மாமன்.

"ஓம். பொறியியலாளர்."

"கலியாணம்?"

"இன்னும் இல்லை. எங்களுக்குக் குணம்தான் முக்கியம். சீதனம் என்பதை நான் கொள்கையளவில் எதிர்ப்பவன்" என்றேன். பெண்களின் முன்னேற்றத்துக்காகச் சொன்னேன். பூமணி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். என் கொள்கை ஒரு குடும்பத்தை உருக்கியதைப் பார்த்து நானும் சற்று உருகினேன்.

"ஐயாட மனிசி என்ன குடி?" என்று பூமணி கேட்டாள். தாய்வழியாக வரும் குடி எங்களில் பெரிய விஷயம். ஒரே குடிக்குள் மணம் முடிப்பதில்லை. நான் செல்வராணியின் குடியையும் சொல்லி, யாரும் கேளாமலே என்னுடையதையும் அதன் பெருமைகளையும் விரித்துச் சொன்னேன். பூமணி தம்பியின் பக்கம் திரும்பி, "அப்ப வேற குடிதான். தடையில்ல" என்றாள்.

அந்த நேரத்தில்தான் கதவோரம் நின்ற கஜந்தினி முன்னுக்கு வந்தாள். முகம் வெளிறியிருந்தது. அவளுக்கு எல்லாம் விளங்கியிருந்தது.

"சேர், அந்த ஏசி படிப்பு..."

"பொறு மகள்" என்றேன். "பெரியாக்கள் கதைக்கிற இடம்."

இதை நான் சொன்னேன். குரலை உயர்த்தச் சொல்லி ஐம்பத்தைந்து நிமிடம் பேசிய அதே வாயால் சொன்னேன். தாய் அவளை உள்ளே இழுத்துக்கொண்டு போனாள். சேலையுடுத்தித் தேநீர்த் தட்டோடு திரும்பி வந்தபோது கோப்பைகள் ஒன்றோடொன்று மோதிச் சத்தமிட்டன. அடக்கமான பிள்ளை என்று நினைத்தேன்.

"எங்களுக்கு முழுச் சம்மதம் ஐயா" என்றார் நாகராசா. படிவத்தில் "பெற்றோர் இணக்கம்: உண்டு" என்று எழுதினேன். ஒப்பம் வாங்க வேண்டிய தாள் என் பையிலேயே இருந்தது. முதல் வருகையில் தாளை நீட்டுவது அழகல்ல, திங்கட்கிழமை பார்க்கலாம் என்று எழுந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் எங்கள் வாசலில் ஒரு வேனும் ஒரு முச்சக்கரவண்டியும் வந்து நின்றன. பலகாரத் தட்டுகளோடு எட்டுப்பேர் இறங்கினார்கள். கதவைத் திறந்த செல்வராணியைப் பார்த்து நாகராசா கைகூப்பி, "வாறம் சம்மந்தி" என்றார்.

செல்வராணி என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

அந்த இடத்தில் ஒரு வசனம் போதுமாயிருந்தது. "நான் பயிற்சி விஷயமாகவே வந்தேன், பிழையாக விளங்கும்படி பேசிவிட்டேன், மன்னியுங்கள்." இலக்கணப் பிழை இல்லாமல் அதை எனக்குச் சொல்லத் தெரியும். ஆனால் எட்டுப்பேர் முன்னால், அதிலும் ஒருவர் கோயில் சபை உறுப்பினர். நான் தொண்டையைச் செருமி, "முதலில் ஜாதகம் பார்ப்போம்" என்றேன். ஜாதகம் பொருந்தாமல் போய் என்னைக் காப்பாற்றும் என்று நம்பினேன். அவர்கள் ஜாதகத்தையும் கையோடு கொண்டுவந்திருந்தார்கள். மகனின் நட்சத்திரத்தைக் கேட்டு மாமன் அங்கேயே தொலைபேசியில் சாத்திரியாரிடம் பேசினார். பத்தில் எட்டுப் பொருத்தம். மிச்சத்தை நேரில் பார்ப்போம் என்று அவர்களை அனுப்பிவைத்தேன்.

அவர்கள் போன பிறகு செல்வராணி குசினிக்குள் என்னை நிறுத்தினாள்.

"என்ன செய்து வெச்சிரிக்கீங்க?"

"படிவம் நிரப்பினேன்."

"இப்பவே போய்ச் சொல்லுங்க. அந்தப் புள்ளட படிப்பு என்னாகிற?"

"நாளைக்கு" என்றேன்.

திங்கட்கிழமை கோயில் சபைக் கூட்டத்தில் எனக்கு வாழ்த்துத் தெரிவித்தார்கள். அது கூட்டக் குறிப்பிலும் ஏறியது. (எழுதினவன் நான்தான். செயலாளர் எல்லோ.) பின்னேரம் கட்டாரிலிருந்து மகன் தொலைபேசி எடுத்தான். "அப்பா, மூணு பேர் வாழ்த்து அனுப்பிரிக்காங்க. எனக்கும் ஒரு சொல்லுச் சொல்லிரிக்கலாம்."

செவ்வாய்க்கிழமை மனவுறுதியோடு புறப்பட்டு அந்த ஒழுங்கையின் முனைவரை போனேன். நாகராசா வேலைக்குப் போகாமல் வாசல் மதிலுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார். இளநீல நிறம். முகத்தில் கூடத் தெறித்திருந்தது. யாரோ ஒருவரிடம் சிரித்துக் கதைத்துக்கொண்டிருந்தார். நான் அப்படியே திரும்பிவிட்டேன்.

புதன்கிழமை காலையிலிருந்து கஜந்தினி என் தொலைபேசிக்கு எடுத்தாள். தாயிடம் அவள் எல்லாவற்றையும் சொல்லிப் பார்த்திருக்கிறாள் என்று பிறகு அறிந்தேன். "நல்ல இடம் வந்திரிக்கக்குள்ள படிப்புக் கதை எடுக்காத" என்று தாய் வாயை அடைத்துவிட்டாள். இனி நான் வந்து சொன்னால்தான் உண்டு. தாளும் என்னிடம், முத்திரையும் என்னிடம். பதினொரு மணிக்கு ஒரு அழைப்பு. ஒரு மணிக்கு ஒன்று. இரண்டரைக்கு ஒன்று. மூன்று நாற்பதுக்கு ஒன்று. நான்கையும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொன்றும் நிற்கும்வரை தொலைபேசி மேசையில் நடுங்கியது. நான்கு மணிக்குப் பிறகு அவள் அழைக்கவில்லை.

வியாழக்கிழமை செல்வராணி என்னிடம் எதுவும் கேட்காமல் முச்சக்கரவண்டி பிடித்து நாகராசா வீட்டுக்குப் போய், உண்மையைச் சொல்லிவிட்டு வந்தாள்.

"என்ன சொன்னார்?" என்று கேட்டேன்.

"தூரிகையக் கழுவிக்கிட்டு இரிந்தாரு. நான் வெளிக்கிடும்வரைக்கும் கழுவிக்கிட்டுத்தான் இரிந்தாரு."

அடுத்த வாரம் கஜந்தினி வந்தாள். சங்கத்தின் அடையாள அட்டையைத் திருப்பித் தர வந்தவள். உள்ளே வரச் சொன்னேன். வாசலிலேயே நின்றாள். நான் மன்னிப்புக்காகத் தயாரித்த பத்தி ஒன்று இருந்தது. முதல் வசனம் முடியுமுன் அவள் பேசினாள்.

"அண்டைக்குக் கதைக்க வந்தன் சேர். நீங்க பொறுக்கச் சொன்னீங்க, பொறுத்திட்டன். நீங்கதானே குரல உயர்த்தச் சொன்னீங்க. உயர்த்தியிரிக்கணும். அதில பிழை எனக்கும்தான்."

கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். பாடம் ஒப்புவிப்பது போலச் சொன்னாள். தயாரித்த பத்தியின் மிச்சத்தை நான் இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை.

அடுத்த ஆண்டு அந்தப் பயிற்சிக்கு விண்ணப்பிக்க அவளுடைய வயது ஒன்று கூடிப்போயிற்று. இப்போது பட்டணத்தில் ஒரு துணிக்கடையில் நிற்கிறாள். வீதியில் கண்டால் "சேர், சுகமா?" என்று கேட்பாள். மரியாதையில் ஒரு குறையும் இல்லை. நான்தான் இப்போது சைக்கிளை மிதிப்பதை நிறுத்திவிடுகிறேன்.

மகன் தோஹாவில் தானே ஒரு பெண்ணைப் பார்த்துக் கலியாணம் முடித்துவிட்டான். தகப்பன் பார்த்தால் படிவத்தோடு பார்ப்பார் என்று பயந்து முடித்ததாக எல்லோரிடமும் சொல்கிறான். நான் சால்வையை எடுத்தாலே செல்வராணி, "ஆருட உயரம் அளக்கப் போறீங்க?" என்பாள். மருமகளும் இதைக் கற்றுக்கொண்டு வீடியோ அழைப்பில் கேட்கிறாள். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன், சிரிக்காவிட்டால் விளக்கம் கேட்பார்கள்.

இவற்றில் எதையும் நான் மறுக்கவில்லை. ஒன்றை மட்டும் திருத்த வேண்டும். கஜந்தினி கொழும்புக்குப் போகாததற்குக் காரணம் தகப்பன் ஒப்பமிட மறுத்தது என்று சங்கத்தின் அறிக்கையில் எழுதியிருக்கிறார்கள். ஊரிலும் அப்படித்தான் சொல்கிறார்கள். அது பிழை. நாகராசா மறுக்கவில்லை. அவரிடம் யாரும் கேட்கவில்லை.