பெரியப்பாவின் கட்டில் குறித்து

மதிப்பிற்குரிய பெரியப்பா அவர்களுக்கு,

உங்கள் தம்பி மகள் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு எல்லோரும் நலம் என்றுதான் தொடங்க வேண்டும். தொடங்கிவிட்டேன். அங்கு நீங்களும் பெரியம்மாவும் அக்காவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அக்காவுக்கு நல்ல இடத்தில் வரன் வந்திருப்பதாக அத்தை போனில் சொன்னார். மகிழ்ச்சி. அதே போனில், அதே மூச்சில், இன்னொன்றும் சொன்னார். எங்கள் கடையைப் பற்றி நீங்கள் இணையத்தில் எழுதிய ரிவ்யூவை ஞாயிற்றுக்கிழமைக்குள் அழித்துவிடப் போகிறீர்களாம். மாப்பிள்ளை வீட்டார் கண்ணில் பட்டுவிடும் என்று பயமாம்.

பெரியப்பா, அழிக்காதீர்கள். இதைக் கேட்கத்தான் கடிதம். போனில் என்றால் நீங்கள் கோபப்படுவீர்கள், நான் அழுவேன், கடைசியில் இருவரும் வானிலையைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிடுவோம்.

நடந்ததைச் சொல்கிறேன். அப்பாவின் தொழில் உங்களுக்குத் தெரியும். மூட்டைப்பூச்சி ஒழிப்பு. அவர் அதைச் செய்யும் விதமும் தெரியும். கடைக்குப் போர்டு கிடையாது. சீருடை கிடையாது. நல்ல சட்டை போட்டுக்கொண்டு, மருந்தையும் நீராவிக் கருவியையும் பெரிய சூட்கேஸில் அடைத்துக்கொண்டு, வெளியூரிலிருந்து வந்த சொந்தக்காரர் போல வாடிக்கையாளர் வீட்டில் போய் இறங்குவார். பக்கத்து வீட்டில் கேட்டால் மாமா வந்திருக்கிறார் என்று சொல்லிக்கொள்வார்கள். இந்த ஊரில் பாதி வீடுகளுக்கு அவர் மாமா. எந்த வீட்டுக்குப் போய்வந்தார் என்று அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை. வேலை முடிந்த வீட்டுக்காரர் மறுநாள் தெருவில் எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார். அப்பா வீட்டுக்கு வந்து திருப்தியாகச் சொல்வார், "இன்னைக்கு ஒருத்தர் என்னைப் பாக்கவே இல்ல." அதுதான் அவருக்குக் கிடைக்கும் நற்சான்று.

பிறகு பெரிய கம்பெனி வந்தது. மஞ்சள் வண்டி. வண்டியின் கூரையில் கன்றுக்குட்டி அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் மூட்டைப்பூச்சி, மல்லாந்து, கால்களை மேலே தூக்கிக்கொண்டு. அந்த வண்டியை எவன் வீட்டு வாசலில் நிறுத்துவான் என்று அப்பா சிரித்தார். நிறுத்தினார்கள். ஏனென்றால் இப்போது உடம்பு அரித்தால் யாரும் யாரையும் ரகசியமாகக் கேட்பதில்லை. தேடுகிறார்கள். தேடினால் முதலில் கம்பெனி வருகிறது. இரண்டாவதாகவும் கம்பெனி. மூன்றாவதாக, எந்தக் கம்பெனி சிறந்தது என்று ஒரு கட்டுரை. அதை எழுதியதும் கம்பெனி. நாங்கள் எந்தப் பக்கத்திலும் இல்லை. கடை போன் அடிப்பது நின்றுபோனது. அப்பா அதை அடிக்கடி எடுத்துக் காதில் வைத்துப் பார்ப்பார், உயிர் இருக்கிறதா என்று.

இலக்கியம் படித்துவிட்டு வீட்டில் இருக்கும் பெண் இதற்காவது உதவட்டும் என்று அம்மா சொன்னார். உதவினேன். செல்போன் கடை மாடியில், இணையத்தில் தேடுகிறவர்கள் கண்ணில் கடைகளை முதலில் பட வைக்கும் எஸ்.இ.ஓ. நிபுணர் ஒருவர் இருக்கிறார். அவரே மூன்றாம் மாடியில், கதவில் பெயர் இல்லாமல், தட்டினால்தான் திறப்பார். அவர் என்னைக் கட்டுரை எழுதச் சொன்னார். ஒவ்வொரு பத்தியிலும் 'எங்கள் பகுதியில் மூட்டைப்பூச்சி ஒழிப்பு' என்ற தொடர் வர வேண்டும், தேடும் இயந்திரம் அதை வைத்துத்தான் நம்மைக் கண்டுபிடிக்கும் என்றார். நான் எழுதினேன். எனக்குத் தெரிந்த விதத்தில். 'விளக்கணைந்ததும் நம்மைத் தேடி வர ஓர் உயிர் இருக்கிறது. வேறு யார் வருகிறார்கள். எங்கள் பகுதியில் மூட்டைப்பூச்சி ஒழிப்பு.' இப்படி ஏழு பத்திகள். கட்டுரை நன்றாகப் போனது. போன் அடித்தது. ஒருவர் படித்துவிட்டுத் தூக்கமே வரவில்லை என்றார். பூச்சியாலா என்று கேட்டேன், அவர் வீட்டில் பூச்சி இல்லையாம். ஓர் அம்மாள் விசும்பிக்கொண்டே, அதுகளும் பாவந்தானே, இருந்துவிட்டுப் போகட்டும் என்று சொல்லி வைத்துவிட்டார். அப்பா கட்டுரையை முழுவதும் படித்தார். என்னை ஏறெடுத்துப் பார்க்காமல் கேட்டார், "நீ யாரு பக்கம்?"

நிபுணர் இணைய வரைபடத்தில் கடைக்கு ஒரு பக்கம் திறந்துகொடுத்து, அடுத்து ரிவ்யூ என்றார். கம்பெனிக்கு ஆயிரக்கணக்கில் இருக்கிறது, உங்களுக்கு ஒன்றுகூட இல்லை, வாடிக்கையாளர்களிடம் கேளுங்கள். கேட்டோம். தன் வீட்டில் மூட்டைப்பூச்சி இருந்தது என்று சொந்தப் பெயரில் உலகத்துக்கு அறிவிக்க யார் முன்வருவார்? ஒருவர் நாங்கள் யாரென்றே தெரியாது என்றார். அவர் வீட்டு மெத்தையைத் தூக்கியதில் அப்பாவுக்கு இன்னும் முதுகு வலிக்கிறது. மிச்சம் இருந்தது உறவு. அத்தை புது வீட்டில் எல்லோரும் சாப்பாட்டுக்குக் கூடிய அன்று, கை கழுவி வந்த ஒவ்வொருவரிடமும் போனைக் கொடுத்தேன். மாமா எழுதினார்: 'என் வீட்டில் மூட்டைப்பூச்சி இருந்ததே இல்லை. இருந்தால் இவரைத்தான் கூப்பிடுவேன்.' சித்தி தன் மூட்டு வலியைப் பற்றி எழுதினார். தலைப்பை முழுதாகப் படிக்கவில்லை. அத்தை, தம்பி நல்லவன் என்று எழுதி மூன்று நட்சத்திரம் போட்டார். ஏன் அத்தை மூன்று என்று கேட்டதற்கு, "அஞ்சையும் குடுத்துட்டா அப்புறம் உங்கப்பன் என்னை மதிக்க மாட்டான்டி" என்றார்.

நீங்கள் அன்று வரவில்லை. மழைக்காலத்தில் அப்பா உங்கள் வீட்டுக்கு வந்து வேலை செய்துவிட்டுப் போன நன்றியில், நான் போனில் கேட்டதும், உங்கள் வீட்டில் உட்கார்ந்து, நிதானமாக, ஒரு பக்கத்துக்கு எழுதி, கட்டிலின் படத்தையும் போட்டீர்கள். நீங்கள் மட்டும்தான் உண்மையை எழுதினீர்கள் பெரியப்பா.

இயந்திரம் விட்டுவிடுமா? ஒரே வீட்டிலிருந்து, ஒரே சாப்பாட்டு நேரத்தில், ஒரு குடும்பமே புகழ்கிறது என்று கண்டுபிடித்து எங்கள் பக்கத்தையே முடக்கிவிட்டது. கடை நிஜமாக இருக்கிறது என்று நிரூபிக்க வீடியோ அனுப்பச் சொன்னது. போர்டு தெரிய வேண்டும். போர்டு ஏது? எழுதி மாட்டினோம். பச்சையில் பெரிய எழுத்து. மாட்டிய அன்று காலை ஒரு பெண்மணி தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு எங்கள் கடையை நோக்கி வந்தார். நிமிர்ந்து போர்டைப் பார்த்தார். அப்படியே திரும்பிப் பக்கத்துத் தையல் கடைக்குள் போய்விட்டார். அவருக்கு வேண்டாத ஒரு ரவிக்கைக்கு அளவு கொடுத்துக்கொண்டிருந்ததை அப்பா கதவிடுக்கில் நின்று பார்த்தார். வீடியோவை அனுப்பினோம். பக்கம் திரும்பி வந்தது. உறவுகள் எழுதியது எல்லாம் போயிருந்தது. உங்களுடையது மட்டும் நின்றது.

அந்த ஒன்றால்தான் இப்போது எங்கள் பகுதியில் தேடினால் வரைபடத்தில் மூன்றாவதாக வருகிறோம். ஒரே ரிவ்யூ, ஆனால் நீளமானது, உண்மையானது, படம் உள்ளது, இயந்திரத்துக்கு அது போதும் என்கிறார் நிபுணர். போன் மறுபடி அடிக்கிறது. அடிக்கிறவர்கள் எல்லோரும் ஒன்றையே கேட்கிறார்கள்: "அந்தக் கட்டில் சார் வீட்டுக்கு வந்தவங்கதானே நீங்க?" ஆம் என்கிறோம்.

அதில் உங்களுக்குச் சங்கடம் இருக்கிறது, தெரியும். கட்டிலைப் படம் எடுத்தபோது பின்னால் அலமாரிக் கண்ணாடியில் நீங்கள் பனியனோடு நிற்பது விழுந்துவிட்டது. தெரிந்தவர் யார் பார்த்தாலும் நீங்கள்தான் என்று சொல்லிவிடுவார்கள். மேலும், 'என் மகள் அறையில்தான் அதிகம்' என்று ஒரு வரி. அந்த வரியை மட்டும் மாற்றலாமா, விருந்தினர் அறை என்று போடலாமா என்று நிபுணரிடம் கேட்டேன். தொட்டால் மறுபடி பரிசீலனைக்குப் போகும், திரும்பி வரும் என்று சொல்ல முடியாது என்றார். ஆகவே ஓர் எழுத்தையும் தொட வேண்டாம். கண்ணாடியையும்.

இதைக் கேட்பது எவ்வளவு அசிங்கம் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஒரு பக்கம் அக்காவின் கல்யாணம். மறுபக்கம் அப்பாவின் கடை. பெரிய கம்பெனிக்காரர்கள் வந்து அப்பாவைத் தங்களோடு சேரச் சொல்லியிருக்கிறார்கள். திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். ரிவ்யூ இருந்தால் முடியாது என்று சொல்வார். இல்லாவிட்டால் மஞ்சள் வண்டியில் ஏறுவார். கூரையில் அந்தப் பூச்சி. கீழே என் அப்பா.

மாப்பிள்ளை வீட்டார் நல்லவர்கள் என்கிறீர்கள். நல்லவர்கள் வீட்டிலும் மெத்தை இருக்கும். மூட்டைப்பூச்சி என்பது ஒரு குடும்பத்தின் குணமல்ல. அது பயணம் செய்கிறது, அவ்வளவுதான். வேண்டுமானால் நானே அவர்களைப் பார்த்து விளக்குகிறேன். அத்தை இதைக் கேட்டுவிட்டு, "நீ வாயைத் திறந்தா கல்யாணம் நிச்சயமா நின்னுடும்" என்றார். சரி, நான் போகவில்லை. நீங்கள் மட்டும் அழிக்காமல் இருங்கள். இந்த வருடம் முடியும்வரை போதும். அதற்குள் வேறு யாராவது ஒரு தைரியசாலி எழுதமாட்டாரா?

பெரியம்மாவின் கால்களைத் தொட்டதாக நினைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அக்காவுக்கு என் அன்பு. அவள் என்னோடு பேசாவிட்டாலும் அன்பு அன்புதான். உங்கள் வீட்டில் எல்லோருக்கும் அரிப்பில்லாத தூக்கம் வாய்க்கட்டும். ஆசீர்வாதத்தை எதிர்பார்த்து,

தங்கள் தம்பி மகள்

பி.கு.: உறையில் எழுத உங்கள் கதவு எண்ணைக் கேட்கப் போனேன். அப்பா கடிதத்தை வாங்கி நின்றபடியே படித்தார். கடைப் பக்கத்தை எப்படி மூடுவது என்று கேட்டார். நான் சொல்லவில்லை. அவரே தேடிக் கண்டுபிடித்து மூடிவிட்டார். வாழ்க்கையில் முதல்முறையாக அவர் தேடியது முதலிலேயே கிடைத்தது. "யாருக்கும் தெரியாமத்தானே அண்ணன் வீட்டுக்குப் போய்ட்டு வந்தேன்" என்றார். படம் போட்டது பெரியப்பாதான் என்றேன். "கேட்டது நீதானே" என்றார். 

ஆகவே மேலே எழுதிய எதற்கும் நீங்கள் பதில் எழுத வேண்டாம். ரிவ்யூ இல்லை. பக்கமும் இல்லை. அக்கா கல்யாணப் பத்திரிகையை அச்சுக்குக் கொடுத்துவிடலாம். கம்பெனிச் சட்டையை அவர்கள் வந்த அன்றே கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அலமாரியில் துணிகளுக்கு அடியில் இத்தனை நாளும் இருந்திருக்கிறது, எனக்குத் தெரியாது. இன்று போட்டுப் பார்த்தார். அவர் அளவு தீர்ந்துபோய்ப் பெரிய அளவுதான் மிச்சமாம். அம்மா இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்துக்கொண்டிருக்கிறார்.