குழல் வாசிப்பவருக்கு ஒரு சொல்

மனிதன் வேலையில்லாமல் இருக்கலாம். வேலை பெயரில்லாமல் இருக்கக் கூடாது. இந்த மகத்தான கொள்கையைக் காக்கவே அந்த வானொலி நிலையத்தின் இரண்டாம் மாடியில் சொல்லாக்கக் குழு அல்லும் பகலும், நடுநடுவே தேநீரும் அருந்தி, உழைத்துவந்தது.

நிலையத்தின் இசைக்குழுவில் புல்லாங்குழல் வாசிக்க அந்த அம்மாள் தேர்வாகியிருந்தாள். (சரியான சொல் இன்னும் முடிவாகாததால் 'அந்த அம்மாள்' என்றே எழுத வேண்டியிருக்கிறது.) அதை நம்பிப் பள்ளிக்கூட வேலையையும் விட்டுவிட்டாள். ஆனால் பதவிக்குத் தமிழ்ப் பெயர் கிடைத்தால்தான் நியமன உத்தரவு. மாதங்கள் ஓடின.

"நம்ம பொண்ணுக்குப் பேர் வைக்க ஒரு சாயங்காலம்தான் ஆச்சு. உனக்கு இன்னும் வைக்கலையா?" என்று கணவன் தினமும் கேட்டான். முதலில் சிரித்துக்கொண்டுதான் கேட்டான். போன வாரத்திலிருந்து சிரிப்பு இல்லை.

இறுதிக் கூட்டத்துக்கு அவளையே 'சான்றுப் பொருளாக' அழைத்திருந்தார்கள்.

"குழலர்" என்றார் தலைவர்.

"குழல்னா கூந்தலும்தானே?" என்றார் பேராசிரியர். "வழுக்கைத் தலையர் விண்ணப்பிச்சா என்ன பண்றது?"

தலைவர் தம் தலையைத் தடவிக்கொண்டே அந்தச் சொல்லை அடித்தார். "சரி, வேய்ங்குழலர்? வேய்னா மூங்கில்."

"ஒற்றுன்னும் பொருள் இருக்கு" என்றார் பேராசிரியர்.

சட்ட ஆலோசகர் நிமிர்ந்தார். "வேவு பாக்கறவங்களுக்கு இங்க பணியிடமே கிடையாது!"

அந்த அம்மாள் நாற்காலியின் நுனிக்கு வந்தாள். "ஐயா, ஊதறவன்னு போட்டாக்கூடப் போதும். நாளைக்கே வந்துடறேன்."

"குடிச்சிட்டு வண்டி ஓட்டினவங்களைத்தாம்மா ஊதச் சொல்லுவாங்க" என்றார் ஆலோசகர்.

"அவசரப்படாதீங்கம்மா" என்றார் பேராசிரியர். "சோறு இல்லாம நாலு நாள் இருந்துடலாம். வேர்ச்சொல் இல்லாம இருக்க முடியுமா?"

கதவு திறந்தது. நிலைய இயக்குநர். "இன்னுமா முடியல? ஃபுளூட்டர்னு போட்டுக் குடுங்க" என்றார்.

மூவரும் எழுந்து நின்றார்கள்.

"நானும் அதையேதான் நினைச்சேன்" என்றார் தலைவர்.

"சட்டப்படி ரொம்பச் சரி" என்றார் ஆலோசகர்.

பேராசிரியர் கண்களை மூடினார். "தூய தமிழ்ங்க ஐயா! புல்லை ஊது... புல்லூது... புளூது... ஃபுளூட்! நம்மகிட்டேருந்து போனதுதான்."

இயக்குநர் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். அந்த அம்மாள் உத்தரவைக் கைப்பைக்குள் வைத்து, ஜிப்பையும் இழுத்து மூடினாள்.

தலைவர் பெருமூச்சு விட்டார். "அடடா, 'ஊதுகுழல்'னு ஒரு நல்ல சொல் இருக்கே! எப்படி விட்டோம்?"

"அது வேணாங்க ஐயா" என்றாள் அவள், வாசலில் நின்று, மிகப் பணிவாக. "அந்தப் பதவியில ஏற்கனவே மூணு பேர் இருக்கீங்க."