மாமாவின் நெஞ்சில் ஒரு வெள்ளைப் புள்ளி

காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்பார்கள். அதில் தவறில்லை. ஆனால் அந்தக் குஞ்சில் குறையே இல்லை என்று நிலைநாட்டுவதற்காக மாமனாரைச் சாகக் கொடுக்கத் தயாரான காக்கை, எனக்குத் தெரிந்து நான் ஒருவன்தான்.

என் பொன்குஞ்சு ஒரு எக்ஸ்ரே திரை. இப்போது எல்லாம் கம்ப்யூட்டரில் வந்துவிடுகிறது. அப்போது சின்ன ஊர் ஆஸ்பத்திரிகளில் ஃபிலிம்தான். ஃபிலிம் வைக்கிற தட்டையான பெட்டிக்குள் ஒரு வெள்ளை அட்டை ஒட்டியிருக்கும். அதைத்தான் திரை என்போம். எக்ஸ்ரே பட்டதும் அட்டையில் பூசிய பவுடர் ஒரு கணம் ஒளிரும். அந்த வெளிச்சம் ஃபிலிமில் படத்தைப் பதிக்கும். பவுடர் நன்றாக ஒளிர்ந்தால் நோயாளியின் உடம்பில் கதிரைக் குறைவாகப் பாய்ச்சினால் போதும். பூச்சு மெல்லிசாக, சீராக இருந்தால் படம் துல்லியமாக விழும். இரண்டும் ஒன்றாக அமைவது கஷ்டம். அமைத்துவிட்டதாக நான் நம்பினேன். அந்த நம்பிக்கையில் சென்னையில் எக்ஸ்ரே சாமான் செய்யும் கம்பெனியில் இருந்த வேலையை விட்டுவிட்டு, மனைவி ஜெசிந்தாவோடும் நாலு டின் பவுடரோடும் ஆவூர்ப் பக்கம் இருக்கிற மாமனார் வீட்டில் வந்து இறங்கினேன்.

மாமனார் சவரிமுத்து விவசாயி. அதிகம் பேச மாட்டார். கடலை மூட்டை அடுக்கும் ஓட்டுக் கொட்டகையை எனக்குத் தொழிற்சாலையாகக் கொடுத்தார். (கொடுத்தார் என்பது கொஞ்சம் மிகை. ஜெசிந்தா கேட்டாள், அவர் மறுக்கவில்லை.) சுற்றிலும் பிளாஸ்டிக் தாள் கட்டினேன். தலைக்குத் தொப்பி போட்டேன். பூச்சுப் பூசிய அட்டைகளைப் பலகையில் வரிசையாகக் காயவைத்தேன். மாமா தினமும் காலையில் வாசலில் நின்று பார்ப்பார்.

"அப்பளம் காஞ்சிருச்சா மாப்ளே?"

நான் பவுடரின் குணாதிசயங்களை விளக்குவேன். அவர் தலையாட்டிவிட்டு மறுநாளும் அப்பளம் என்றே கேட்பார்.

கொட்டகையின் ஒரு மூலையில், ஆலங்குடியிலிருந்து வந்த பலாப்பழங்களைப் பழுக்கப் போட்டிருந்தார். தூசி ஆகாது மாமா, அதை எடுத்துவிடலாமா என்று கேட்டேன். "பழத்துல ஏது மாப்ளே தூசி?" என்றார். யோசித்துப் பார்த்தேன். சரியாகத்தான் பட்டது. (நான் எஞ்சினியரிங் படித்தவன்.)

புதுக்கோட்டையில் சொந்த ஆஸ்பத்திரி வைத்திருந்த ஒரு டாக்டர், என் திரையைச் சோதித்துப் பார்க்கச் சம்மதித்தார். அவர் நல்லதென்று சொன்னால் சுற்று வட்டாரத்தில் நாலு இடத்தில் வாங்குவார்கள். முதல் படம் நம் வீட்டு ஆளுடையதாக இருக்கட்டும் என்று எனக்கு ஓர் ஆசை. மாமாவுக்குக் கொஞ்ச நாளாக இருமல் இருந்தது. வற்புறுத்தி பஸ் ஏற்றிக் கூட்டிப் போனேன். சட்டையைக் கழற்றி, என் பெட்டியில் நெஞ்சைப் பதித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

படம் வந்தது. அடடா, என்ன படம். ஒவ்வொரு விலா எலும்பின் விளிம்பும் தனித்தனியாகத் தெரிந்தது. வலது நுரையீரலின் நடுவே, மிளகைவிடச் சற்று நீளமாக, வெள்ளையாக ஒரு புள்ளியும் தெரிந்தது.

டாக்டர் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். மாமாவுக்கு முந்தைய வருடம் குடலிறக்க ஆபரேஷன் அங்கேதான் நடந்திருந்தது. அப்போது எடுத்த நெஞ்சுப் படத்தைத் தேடி எடுத்துப் பக்கத்தில் மாட்டினார்.

"இதுல இல்லையே," என்றார்.

நியாயமாக ஒரு மனிதன் அந்த இடத்தில் என்ன நினைக்க வேண்டும்? பழைய திரையில் இல்லாதது புதுத் திரையில் வந்தால், திரையைத்தானே முதலில் சந்தேகிக்க வேண்டும்? நான் சொன்னது இதுதான்:

"பழைய திரையில தெரிஞ்சிருக்காது டாக்டர். இது ஓரத்தக்கூட எப்படிக் காட்டுது பாருங்க. இவ்வளவு கூர்மையா நீங்க எங்கயாச்சும் பாத்திருக்கீங்களா?"

பார்த்ததில்லை என்று டாக்டர் ஒப்புக்கொண்டார். கட்டியாகவும் இருக்கலாம், எதற்கும் திருச்சிக்குப் போய் ஸ்கேன் எடுத்துவிடுங்கள் என்றார். எனக்குப் பின்னால் மாமா சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டிருந்தார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர் டிக்கெட்டை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். பிறகு, "ஒங்க அப்பளம் வேலை செய்யுது மாப்ளே," என்றார். கல்யாணமாகி அத்தனை காலத்தில் அவர் என்னைப் பாராட்டியது அதுதான் முதல் முறை. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். பெருமையிலா துக்கத்திலா என்று அப்போது பிரித்துப் பார்க்கவில்லை. இப்போது தெரியும், முக்கால்வாசி பெருமைதான்.

ஸ்கேனுக்கு அவர் வரவில்லை. ஜெசிந்தா அழுதாள், அவள் அம்மா, என் அத்தை, சாப்பிடாமல் கிடந்தார். மாமா அசையவில்லை. "மாப்ளையோட தெரையே காட்டிருச்சு. இன்னும் என்னத்துக்கு ஸ்கேனு?" என்றார். நான் இரண்டு தரம் கெஞ்சினேன். மூன்றாவது தரம் கெஞ்சாததற்குக் காரணம் உண்டு. ஊரில் ஒரு மனிதர் என் திரையை முழுசாக நம்பிவிட்டார். விளம்பர நோட்டீஸ் அடித்தால் அந்த ஃபிலிமையே படமாகப் போடலாமா என்றுகூடக் கொட்டகையில் உட்கார்ந்து யோசித்தேன். (ஆமாம். அந்த ஃபிலிமைத்தான்.)

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பங்குச் சாமியார் வீட்டுக்கு வந்தார். நோயாளிக்கு எண்ணெய் பூசி மந்திரிக்கும் சடங்கு. பழைய ஆட்கள் அதை அவஸ்தைப் பூசுதல் என்பார்கள். பூசுவதற்கு முன்பு, யார் மேலாவது மனத்தாங்கல் இருந்தால் மன்னித்துவிடுங்கள் என்று சாமியார் எல்லோரிடமும் சொல்வதுபோலச் சொன்னார். எல்லோரும் சரி சாமி என்று தலையாட்டுவார்கள், அதோடு முடியும். மாமா அப்படி விடவில்லை.

"கொஞ்சம் பொறுங்க சாமி," என்றவர், எங்களை ஒவ்வொருவராக முன்னால் கூப்பிட்டார்.

முதலில் தம்பி மதலைமுத்து. எனக்குச் சின்ன மாமா. "மதல, ராத்திரியில மோட்டாரப் போட்டு என் மொறைக்கு வர்ற தண்ணிய நீதான் எடுத்த. நீ இல்லன்னு சொன்ன. ஒன்ன மன்னிச்சிட்டேன்." பல வருடமாக மாதா மேல் சத்தியம் செய்து மறுத்துவந்த சின்ன மாமா, சாமியார் முன்னிலையில் மடாரென்று காலில் விழுந்து, "நாந்தாண்ணே எடுத்தேன்," என்று கதறினார். பிறகு அத்தை. தன் அண்ணன் மகன் கல்யாணத்துக்கு யாருக்கும் தெரியாமல் செய்த மோதிரத்துக்காக மன்னிக்கப்பட்டார். ஜெசிந்தா, என்னைத் தேர்ந்தெடுத்ததற்காக மன்னிக்கப்பட்டாள். அதன் பிறகு நான்.

"வேலைய விட்டுட்டு வந்து என் கொட்டகையில அப்பளம் போட்டீங்க. மன்னிச்சிட்டேன்."

நான் கும்பிட்டேன். அவர் இன்னும் முடிக்கவில்லை.

"என் நெஞ்சுல அந்தக் கட்டியப் பாத்தப்ப ஒங்க மூஞ்சியில ஒரு சந்தோசம் வந்துச்சு மாப்ளே. சட்டையப் போட்டுக்கிட்டே பாத்தேன். அதையும் மன்னிச்சிட்டேன்."

சாமியார் ஜெபப் புத்தகத்துக்குள் முகத்தை நுழைத்துக்கொண்டார். நான் இல்லை மாமா என்று மறுக்கவும் முடியாது. உண்மை அது. என் சந்தோஷத்தை நானே கவனிக்கவில்லை, சாகப்போகிறவர் கவனித்திருக்கிறார். அன்றிலிருந்து ஜெசிந்தா வேளாவேளைக்குச் சோறு போட்டாள். பேச்சு மட்டும் இல்லை. மாமா மெலிய ஆரம்பித்தார். வயலுக்குப் போவதை நிறுத்தினார். ஒரு நல்ல ஆள் கண்ணெதிரே படுக்கையில் விழுந்துகொண்டிருந்தார். அப்போதும் என் மூளையில் திரை பற்றி ஒரு சந்தேகம் எழவில்லை. சத்தியமாக எழவில்லை.

சில நாள் கழித்து டாக்டர் போன் செய்தார். என் பெட்டியை அலமாரியில் வைத்திருந்தாராம். அன்று பழைய பெட்டியின் கொக்கி உடைந்துபோக, என்னுடையதை எடுத்திருக்கிறார்.

"ஒங்க மாமாவோட கட்டி, அரிமளத்துல இருந்து வந்த ஒரு பொண்ணோட முழங்காலுக்கு எறங்கிருச்சு," என்றார். "கொஞ்சம் வந்து பாக்குறீங்களா?"

போனேன். இரண்டு ஃபிலிமையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் காட்டினார். புள்ளி இம்மி பிசகாமல் ஒரே இடத்தில் விழுந்தது. பெட்டியைத் திறந்து விரலால் தடவினேன். சின்ன மேடு. பிளேடால் கீறி, பூதக்கண்ணாடியில் பார்த்தேன். ஓர் எறும்பு. பலாப்பழத்தைத் தேடி வந்த எறும்பு, ஈரப் பூச்சில் மாட்டி, வெள்ளைப் பசைக்குள் ஆறு காலையும் பரப்பியபடி கிடந்தது. அது படுத்திருந்த இடத்தில் பவுடர் இல்லை. பவுடர் இல்லாததால் ஒளி இல்லை, ஒளி இல்லாததால் ஃபிலிமில் வெள்ளைப் புள்ளி. என் திரை உண்மையிலேயே துல்லியமானது. நன்றாக உற்றுப் பார்த்தால் அந்தப் புள்ளியில் இடுப்பு ஒடுங்கியிருப்பதுகூடத் தெரிந்தது. டாக்டர் என்னைத் திட்டவில்லை. பெட்டியைக் காகிதத்தில் சுற்றிக் கையில் கொடுத்தார், அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து மாமா கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றேன். சொல்லி முடிக்கும்வரை அவர் கண்ணை மூடியே இருந்தார்.

"எறும்பா?"

"ஆமா மாமா."

"அப்ப எனக்கு?"

"ஒண்ணுமில்ல மாமா. இருமல்தான்."

எழுந்து உட்கார்ந்தார். அழுதார். அவர் அழுது நான் பார்த்ததில்லை. அத்தை அவர் தலையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன், எனக்குத்தான் அங்கே யாரும் இல்லை. பிறகு மாமா முகத்தைக் கழுவி, சட்டையை மாட்டிக்கொண்டு, நேரே தம்பி வீட்டுக்கு நடந்தார். நாங்கள் பின்னாலேயே ஓடினோம்.

"மதல, அன்னைக்கு மன்னிச்சேன்ல? அது இல்ல இப்ப," என்றார். "சாகப்போறேன்னு மன்னிச்சேன். சாகல."

சின்ன மாமா ஆடிப்போனார். அவர் பக்கமும் நியாயம் இருந்தது, குற்றத்தை ஒப்புக்கொண்டாகிவிட்டது, அதைத் திரும்ப வாங்க வழியில்லை. சாமியாரிடம் ஓடினார். கொடுத்த மன்னிப்பைத் திருப்பி வாங்க முடியாது என்று சாமியார் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். "நான் குடுத்தது சாவு மன்னிப்பு சாமி. இருக்கிறவனுக்குச் செல்லாது," என்று மாமா முடித்துவிட்டார். அத்தையின் மோதிரமும் மறுபடி வழக்குக்கு வந்தது.

நான் கொட்டகையைக் காலி செய்துகொண்டிருந்தபோது மாமா வந்து வாசலில் நின்றார். "அப்பளத்த மன்னிச்சது மன்னிச்சதுதான்," என்றார். "அந்த மூஞ்சிய இன்னும் யோசிக்கணும்."

அதற்குப் பிறகு அதைப் பற்றி அவர் பேசவே இல்லை. ஆனால் வீடு பேசியது. எங்கள் மகள் சைக்கிளில் விழுந்து கையை ஒடித்துக்கொண்டபோது, எக்ஸ்ரே அறைக்கு வெளியே ஜெசிந்தா, "நீங்க அங்கிட்டுச் செவத்தப் பாத்து நில்லுங்க," என்றாள். விளையாட்டாகத்தான் சொன்னாள் என்று நம்புகிறேன். அது வழக்கமாகிவிட்டது. குடும்பத்தில் யாருக்கு எந்தப் படம் எடுத்தாலும், அது பல் படமே ஆனாலும், நான் சுவரைப் பார்த்து நிற்க வேண்டும். கூட வந்தவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரித்துக்கொண்டே நிற்பேன்.

தொழிலை நான் விடவில்லை. இப்போது டிஜிட்டல் கருவிகளுக்குள் வைக்கிற தகடுகளுக்குப் பூச்சுப் போடுகிறேன். அடைத்த அறை, வடிகட்டிய காற்று, ஒரு பழமும் கிடையாது. சில வருடம் முன்பு மாமாவுக்கு மறுபடி இருமல் வந்து திருச்சிக்குக் கூட்டிப் போனோம். அந்த ஆஸ்பத்திரிக் கருவியில் இருந்தது என் பூச்சுதான். கம்ப்யூட்டரில் படம் வந்ததும் வலது பக்கம் வெள்ளையாக ஒன்று தெரிந்தது. ஆபரேட்டரிடம் கெஞ்சி, கருவியின் முகப்பை என் கைக்குட்டையால் துடைத்தேன். மறுபடி எடுக்கச் சொன்னேன். அங்கேயே இருந்தது. அறைக்குள் ஓடி, மாமாவைக் கொஞ்சம் இடப்பக்கம் தள்ளி நிறுத்தி, இன்னொரு தரம் எடுக்கச் சொன்னேன். அவரோடு அதுவும் நகர்ந்தது. என் பூச்சில் குறை இருக்க வேண்டும் என்று வாழ்க்கையில் முதல் முறையாக வேண்டிக்கொண்டேன். ஒரு குறையும் இல்லை.

பழக்க தோஷத்தில் போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டேன்.

"இங்கிட்டுத் திரும்புங்க மாப்ளே," என்றார் மாமா.

திரும்பினேன். சட்டைப் பித்தானைப் போட்டபடி என் முகத்தையே பார்த்தார். நான் மறைக்க முயலவில்லை.

"எறும்பு இல்லையா?"

"இல்ல மாமா."

"சரி," என்றார். "ஒங்கள மன்னிச்சாச்சு. மதலைக்கு இன்னும் இல்லன்னு சொல்லிருங்க."

அடுத்த மழைக்காலத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்தார். கடைசிவரை தம்பி விஷயத்தில் அவர் இறங்கி வரவில்லை. சவப்பெட்டியை மூடும்போது சின்ன மாமா பக்கத்தில் குனிந்து, "அண்ணே, இப்பவாச்சும் சொல்லுண்ணே," என்று கேட்டதையும், பதில் வருமென்று நாங்கள் எல்லோரும் ஒரு கணம் உண்மையிலேயே காத்திருந்ததையும் இன்றைக்கும் வீட்டில் சொல்லிச் சிரிக்கிறார்கள். சிரித்து முடித்ததும் யாராவது ஒருவர் எழுந்து அடுப்படிப் பக்கம் போவார்கள். சின்ன மாமாவுக்கு என் மேல் தீராத பொறாமை. வீட்டுக்குப் புதிதாக யார் வந்தாலும் என்னைக் காட்டி, "இவருக்கு மட்டும் மன்னிப்புக் கெடைச்சிருச்சு," என்கிறார்.