கொடி எழுத்து

"ஊரார் கல்யாணத்துக்கெல்லாம் கொடி எழுத்துல பேரைப் போடுறீங்க. என் பேரை ஒரு தடவை அதுல போட்டா என்ன, குறைஞ்சா போயிடுவீங்க?"

"நாமதான் பத்திரிகையே அடிக்காம, கையெழுத்துப் போட்டுக் கல்யாணம் பண்ணிக்கிட்டோமே. எதுல போட?"

"எதுலயோ. என்னைக்காவது போடுங்க."

மனைவியின் முதல் வருட நினைவு நாளுக்கு அழைப்பு அடிக்க உட்கார்ந்த அச்சகக்காரனுக்கு இந்தப் பேச்சுதான் காதில் கேட்டது. காலும் கொம்பும் கொடிபோல் நீண்டு சுருளும் அந்த எழுத்துருவைக் கணினியில் திறந்தான். அட்டை முழுவதையும் அதிலேயே அமைத்தான். அவள் பெயருக்குத் தங்க மை. கண் கலங்கியிருந்ததால் எல்லாம் அழகாகத்தான் தெரிந்தது. அன்றே உறவுக்கும் நட்புக்கும் அனுப்பிவிட்டான்.

கொடி எழுத்தை யாரும் படிப்பதில்லை, பார்ப்பதோடு சரி. இந்தத் தொழிலில் ஊறிய அவனே அதை மறந்துபோனான்.

முதலில் வந்தவர் எதிர்க்கடைத் தையல்காரர். கையைக் குலுக்கி, பெண் எந்தப் பக்கம் என்று விசாரித்தார். அவன் வாயைத் திறப்பதற்குள் மாப்பிள்ளைக் கோட்டுக்குத் தோள் அளவும் எடுத்துவிட்டார்.

பதறிப்போய், அது கல்யாணப் பத்திரிகை இல்லை என்று எல்லோருக்கும் செல்பேசியில் செய்தி அனுப்பினான். கல்யாணம் நின்றுவிட்டதாக எல்லோரும் புரிந்துகொண்டார்கள். அந்தப் பெண்ணுக்குக் கொடுத்து வைக்கவில்லை, மனதைத் தளரவிடாதே என்று சித்தப்பா ஃபோனில் தேற்றினார்.

வேறு வழியில்லாமல், மிச்சமிருந்த அட்டைகளில் கனமாகக் கறுப்புக் கரை அடித்தான். காகிதம் வெட்டுபவர் ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அண்ணே, இப்ப கல்யாணப் பொண்ணு செத்துட்ட மாதிரி இருக்கு."

சிரிக்கத்தான் வாயெடுத்தான். அழுகை வந்துவிட்டது. அதுதானே உண்மை.

அப்போதுதான் உறைத்தது. மாமியாருக்கும் ஓர் அட்டை போயிருக்கிறது. ஒரே மகளைப் பறிகொடுத்தவர். செல்பேசியில் செய்தி பார்க்கத் தெரியாதவர். வருடம் திரும்புவதற்குள் இவனுக்கு இன்னொரு கல்யாணமா என்று அந்த மனசு என்ன பாடுபடும்? ஸ்கூட்டரை விரட்டிக்கொண்டு போனான்.

மேசைமேல் அட்டை கிடந்தது. நாற்காலி முதுகில், இஸ்திரி போட்ட நல்ல புடவை ஒன்று தொங்கியது. போச்சு என்று நினைத்துக்கொண்டான்.

"அத்தை, அது கல்யாணப் பத்திரிகை இல்லை. நான் அப்படியெல்லாம்..."

"தெரியும் மாப்பிள்ளை. கண்ணாடியைத் தேடி எடுத்ததும் படிச்சுட்டேன்." தங்க மையை விரலால் தடவிக்கொண்டே இருந்தார். "அவ பேரு எவ்வளவு அழகா இருக்கு."

மாமியார் புடவையை எடுத்து மடித்தார். மடித்ததை மறுபடி பிரித்து நாற்காலியிலேயே போட்டார்.

"ஒரு வருஷமாச் சொல்ல நினைச்சு நினைச்சு முழுங்கிட்டிருக்கேன். கண்ணாடி இல்லாமப் பார்த்தப்ப உங்க கல்யாணப் பத்திரிகை ஒண்ணு தெரிஞ்சுதே, அதை எனக்கு அடிச்சுக் கொடுங்க மாப்பிள்ளை."