காலி டப்பாக்காரர்

வருமுன் காப்போரைப் பற்றி நீங்கள் நிறையக் கேள்விப்பட்டிருப்பீர்கள். மதிக்கத்தக்கவர்கள். ஆனால் அவர்களுக்கு ஒன்றுவிட்ட தம்பிமார் சிலர் உண்டு. அவர்களை யாரும் சரியாகக் கவனித்ததில்லை. இவர்களும் எல்லா ஏற்பாடும் செய்வார்கள். பூட்டுக்கு மேல் பூட்டுப் போடுவார்கள், மருந்துப் பெட்டியை நிரப்புவார்கள், கூரைக்குத் தார் பூசுவார்கள், பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, வரவேண்டியது இன்னும் ஏன் வரவில்லை என்று கவலைப்பட ஆரம்பிப்பார்கள். குடையோடு போன நாளில் மழை பெய்யாவிட்டால் வானத்தை ஒரு பார்வை பார்ப்பார்களே, வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் இருந்த சம்பந்தியைப் பார்ப்பதுபோல? அவர்கள்தான். வராவிட்டால் வருந்துவோர் என்று அவர்களுக்கு நான் பெயர் வைத்திருக்கிறேன்.

இந்த இனத்தில் ஒருவரை உங்களுக்கு அறிமுகம் செய்கிறேன். அட்டைப்பெட்டித் தொழிற்சாலை ஒன்றில் தீத்தடுப்பு அதிகாரி. அவர் பொறுப்பேற்றதிலிருந்து அங்கே ஒரு தீக்குச்சிகூடத் தப்பாக எரிந்ததில்லை. இதற்காக யாராவது அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்களா? இல்லை. தீயே பிடிக்காத இடத்தில் இந்த மனுஷனுக்கு என்னதான் வேலை என்று கேண்டீனில் பேசிக்கொண்டது மட்டும் அவர் காதில் விழுந்தது. அந்த மனத்தாங்கலை எங்காவது இறக்கி வைத்தாக வேண்டும். வீட்டில் ஒரு டீசல் கார் இருந்தது.

நல்ல கார். சாவியைத் திருப்பினால் முனகாமல் கிளம்பும், மேட்டில் திணறாது, புகை விடாது. மற்றவர்களாக இருந்தால் நன்றி சொல்லிவிட்டு ஓட்டிக்கொண்டிருப்பார்கள். நம்மவருக்கோ அந்த அமைதியே உறுத்தல். அதே ரகக் கார் வைத்திருப்பவர்கள் கைப்பேசியில் ஒரு குழு நடத்தினார்கள்; அதில் சேர்ந்தார். அங்கேதான் அவருக்கு ஞானம் பிறந்தது. என்ஜினும் மூச்சு விடுமாம். அந்த மூச்சில் எண்ணெய் ஆவி கலந்திருக்குமாம். அந்த ஆவி குழாய் வழியாகத் திரும்ப என்ஜினுக்குள்ளேயே போய், புகைக்கரியோடு சேர்ந்து, தார் மாதிரி அப்பிக்கொள்ளுமாம். குழாயின் நடுவில் ஒரு சின்ன டப்பாவை மாட்டிவிட்டால் எண்ணெய் டப்பாவில் தங்கிவிடும், காற்று மட்டும் உள்ளே போகும். ஆயில் கேட்ச் கேன் என்று பெயர். விஷயம் தப்பில்லை. உப்பும் நல்ல பொருள்தான், அள்ளிப் போடுகிற கையைப் பொறுத்து.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தானே மாட்டினார். பானட்டைத் திறந்து, குழாயை வெட்டி, கிளிப்பை முறுக்கி, விரலை நசுக்கிக்கொண்டு, நசுங்கிய விரலை வாயில் வைத்துக்கொண்டே மறு கிளிப்பையும் முறுக்கினார். டார்ச் பிடித்து நின்றவர் மனைவி. அவர் ஒரு கல்லூரி நூலகத்தில் உதவியாளர்; சத்தம் போடாமல் கேள்வி கேட்டுப் பழகியவர்.

"காருக்கு என்னங்க ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல."

"அப்ப இது எதுக்கு?"

"ஒண்ணும் ஆகாம இருக்கறதுக்கு."

"அதான் ஒண்ணும் ஆகலையே!"

"உனக்குச் சொன்னாப் புரியாது. டார்ச்சை நேராப் பிடி."

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டியின் நினைவு அந்த அம்மாளுக்கு வந்திருக்க வேண்டும். ஆனாலும் டார்ச்சை நேராகத்தான் பிடித்தார்.

அதன் பிறகு தொடங்கியது சடங்கு. அலுவலகம் விட்டு வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் பானட்டைத் திறப்பார், டப்பாவின் அடிமூடியைக் கழற்றுவார், உள்ளே எட்டிப் பார்ப்பார். கழுவிக் கவிழ்த்த டம்ளர் மாதிரி இருக்கும். மறுபடி மூடுவார். குழுவிலோ ஆளாளுக்குத் தங்கள் டப்பாவிலிருந்து வடித்த கறுப்பு எண்ணெயைக் கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றிப் படம் எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள், பிறந்த குழந்தையைக் காட்டுவதுபோல. குழுவின் தலைவர் டர்போ அண்ணன் என்று அழைக்கப்பட்டவர். அவர் ஒருநாள் எல்லோர் முன்னிலையிலும் கேட்டுவிட்டார்: "நம்ம தீயணைப்பு சார் டப்பாவுல ஏதாச்சும் விசேஷம் உண்டா?"

நம்மவர் உண்மையைச் சொன்னார். அன்றிலிருந்து அவர் பெயர் காலி டப்பா.

யோசித்துப் பாருங்கள். என்ஜின் அப்பழுக்கில்லாமல் இருக்கிறது என்பதற்கு அதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? ஊருக்கே சொல்லி மகிழ வேண்டிய சேதி. அவரோ தலை குனிந்து நடந்தார். ஒருமுறை விரலை உள்ளே விட்டுத் துழாவி, சமையலறைக்கு ஓடிவந்து காட்டினார்.

"ஈரம் பாத்தியா? வர ஆரம்பிச்சிடுச்சு!"

"அது உங்க வேர்வை."

இந்த இடத்தில்தான் அவருக்கு அந்த யோசனை தோன்றியது. இனத்துக்கே உரிய யோசனை. வேறு யாருக்கும் தோன்றாது. என்ஜினில் எண்ணெய் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கும் கம்பியில் ஒரு மேல்கோடு உண்டல்லவா? அதைத் தாண்டி ஊற்றினால் உள்ளே சுழலும் இரும்பு எண்ணெயை மோர் கடைவதுபோலக் கடைந்து நுரையாக்கும், நுரை மூச்சுக்குழாயில் ஏறும், டப்பா நிறையும். கோட்டைத் தாண்டக் கூடாது என்று அவருக்குத் தெரியாதா? தொழிற்சாலை முழுக்கச் சிவப்புக் கோடு போட்டு வைத்திருப்பவரே அவர்தான். ஆனால் தீயணைப்பு ஒத்திகை நடத்தும்போது நாமே கொஞ்சம் புகை போடுவதில்லையா, அதுபோலத்தான் இது என்று மனச்சாட்சியைத் தட்டித் தூங்கவைத்துவிட்டு, ஒரு புட்டி எண்ணெயை முழுசாகக் கவிழ்த்தார்.

இனி தேவை ஒரு நீண்ட பயணம். தெருவுக்குள் ஓட்டினால் நுரை வராது.

அந்த நேரம் பார்த்து மனைவிக்கு ஒரு நேர்முகத் தேர்வு வந்தது. பக்கத்து நகரத்துக் கல்லூரியில் தலைமை நூலகர் வேலை. எத்தனையோ வருஷமாக மற்றவர்கள் கையெழுத்துப் போடுவதற்காகப் புத்தகம் அடுக்கிக் கொடுத்தவர்; தானே கையெழுத்துப் போடும் நாற்காலி இப்போதுதான் கண்ணுக்கு எட்டியிருந்தது. இந்த வயதில் இது தவறினால் இன்னொன்று வராது என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

"நான் ரயில்லயே போயிடறேங்க."

"ரயிலா? நான் எதுக்கு இருக்கேன்? லீவு போட்டுட்டேன். கார்ல ராணி மாதிரி கூட்டிட்டுப் போறேன்."

அந்த அம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. அதைப் பார்த்து நம்மவருக்குச் சற்றுக் குறுகுறுத்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் பிடிவாதம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

நெடுஞ்சாலையில் பாதி தூரம் போனபோது பின்னால் வந்த லாரிக்காரர் விடாமல் ஹாரன் அடித்துக் கையைக் காட்டினார். கண்ணாடியில் பார்த்தால் சாலையையே காணோம், நீலப் புகை. பதறிப்போய் ஓரம் கட்டி, என்ஜினை நிறுத்தி, பானட்டைத் திறந்தார். டப்பா நிறைந்து, வழிந்து, வழிந்ததை என்ஜின் உறிஞ்சி எரித்திருந்தது. விளிம்பு வரை எண்ணெய். கறுகறுவென்று, பளபளவென்று. அவர் முகத்தில் என்ன இருந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்? பயமா? வருத்தமா?

கைப்பேசியை எடுத்துப் படம் பிடித்தார்.

"கொஞ்சம் தள்ளி நில்லேன். வெளிச்சம் மறைக்குது."

சான்றிதழ் கோப்பை மார்போடு அணைத்து, கஞ்சி போட்ட உடையில் புகை வாசனையோடு நின்ற மனைவி அவரை ஒரு கணம் பார்த்தார். பிறகு தள்ளி நின்றார். இன்னும் கொஞ்சம் தள்ளி, சாலை ஓரத்துக்கே போய்க் கையைக் காட்டினார். ஒரு பேருந்து நின்றது. ஏறினார். திரும்பிப் பார்க்கவில்லை.

படம் குழுவுக்குப் போனதும் கைதட்டல் மழை. "டப்பா நெறஞ்சிடுச்சு டோய்!" என்று டர்போ அண்ணனே எழுதினார். அதைப் படித்துச் சிரித்து, பக்கத்தில் காட்டலாம் என்று திரும்பியபோதுதான் பக்கத்தில் ஆளில்லை என்பது அவருக்கு உறைத்தது. நல்லபடியாகப் போய் வா என்று ஒரு வார்த்தைகூட அவர் சொல்லியிருக்கவில்லை. இழுவை வண்டி வரும்வரை அந்த வெயிலில் அவர் கைப்பேசியைத் தொடவே இல்லை.

சாயங்காலம் மனைவி பேருந்தில் திரும்பினார். கடைசி ஆளாக உள்ளே கூப்பிட்டிருக்கிறார்கள்; அதனால் பிழைத்தார். வேலை கிடைத்துவிட்டது. நம்மவர் வாசலுக்கே ஓடிவந்தார். மன்னிப்புக் கேட்பதற்காகத்தான் வாயைத் திறந்தார், சத்தியமாக. ஆனால் இனத்தின் நாக்கு எங்கே சொன்னபடி கேட்கும்?

"நல்லவேளை. அந்த டப்பா மட்டும் இல்லேன்னா இன்னைக்கு என்ஜின் என்ன கதியாயிருக்கும், நெனச்சுப் பாரு!"

மனைவி செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார்.

"நெனச்சுப் பாத்தேங்க. பஸ்ல நெறைய நேரம் இருந்துச்சு. டப்பா இல்லேன்னா என்ன ஆயிருக்கும்னு நெனச்சேன். அப்புறம் நீங்க இல்லேன்னா என்ன ஆயிருக்கும்னும் நெனச்சேன். ரெண்டுக்கும் ஒரே பதில்தான் வந்துச்சு. ரயில்ல போயிருப்பேன்."

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்களிடம் டீசல் காரும் இல்லை, டப்பாவும் இல்லை. ஒரே ஒரு கேள்வி மட்டும் கேட்டுவிட்டுப் போகிறேன். போன மாதம் "ஸ்வெட்டர் போட்டுக்கோ, சளி பிடிக்கும்" என்று நீங்கள் சொல்லியும் கேட்காமல் வெளியே போன பிள்ளை, திரும்பி வந்து வாசலில் நின்று முதல் தும்மல் தும்மினானே, அப்போது உங்கள் நெஞ்சில் முந்திக்கொண்டு வந்தது எது? கவலையா?