ஆத்தாவுக்கு மலையாளம் தெரியாது

வெள்ளிக்கிழமை என்றால் மட்டாஞ்சேரிப் பக்கத்துக் கொச்சங்காடிக்குள் ஆட்டோ நுழைய முடியாது. பூட்டிக் கிடந்த பழைய மிளகுக் கிடங்கு ஒன்றில் ஏழுகடல் ஆத்தா வந்து இறங்கியிருந்தாள். கப்பலிலா ரயிலிலா என்று யாரும் கேட்கவில்லை. பள்ளுருத்தியிலிருந்து பஸ் பிடித்து வந்தார்கள். வெலிங்டன் தீவில் மூட்டை தூக்குகிறவர்கள் லீவு போட்டு வந்தார்கள். நாம் வாயைத் திறக்கும் முன்பே ஆத்தா வீட்டு விஷயத்தைப் புட்டுப் புட்டு வைக்கிறாளாம். அவள் வாக்குச் சொல்கிற வீடியோவை லட்சம் பேர் பார்த்தார்களாம். லட்சம் பேர் பார்த்தது பொய்யாகுமா?

ஆத்தா இறங்குவது தங்கதுரை என்கிற ஆள் மேல். போன மழைக்காலத்துக்குப் பிறகுதான் தமிழ்நாட்டிலிருந்து வந்தார். மஞ்சள் சேலை, தோள்வரை முடி, காதை மூடி மல்லிகைப் பூ. வாசலில் டோக்கன் கொடுப்பவன் அனில், உள்ளூர் மலையாளி. வரிசையில் நிற்பவர்களுக்குச் சாயா தருவான், என்ன கஷ்டம் என்று உருகி உருகிக் கேட்பான். இந்த ஊர்த் தமிழர்களுக்கு மலையாளம் நாக்கில் ஊறிவிட்டது. அவன் கேட்டால் அதிலேயே கொட்டிவிடுவோம். அப்புறம் உள்ளே போய், ஆத்தாவுக்கு எப்படித் தெரிந்தது என்று வாயைப் பிளப்போம்.

என் பெயர் சந்தனமாரி. பெயரில் சாமி இருக்கிறது, அத்தோடு சரி. பள்ளுருத்தியில் ஒரு ஹோட்டலில் தோசை சுடுகிறேன். போன சித்திரையில் என் மகள் மகாவுக்கு உடம்பு அனலாய்க் கொதித்தது. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். என் வீட்டுக்காரர் அருண்பாண்டி, முதலில் ஆத்தா, பிறகுதான் டாக்டர் என்றார். ஆட்டோக்கார யூசுப் இக்கா பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கொச்சங்காடிக்கா ஆஸ்பத்திரிக்கா என்று இரண்டு தரம் கேட்டார். கடைசியில், தெருமுனையிலேயே நிற்கிறேன், சீக்கிரம் வாருங்கள் என்றார்.

வரிசையில் அனில் மகாவின் கன்னத்தைத் தட்டினான். "குஞ்ஞினு எந்து பற்றி?" பிள்ளைக்கு என்ன ஆச்சு என்கிறான்.

"பனியா" என்றேன். மலையாளத்தில் பனி என்றால் காய்ச்சல். தமிழில் பனி பனிதான். அவன் போனைக் காதில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் நகர்ந்தான்.

உள்ளே உடுக்கைச் சத்தம் காதைப் பிளந்தது. எங்கள் முறை வந்ததும் உடுக்கை நின்றது. ஆத்தா வாக்குச் சொன்னாள்.

"இந்தப் பிள்ளை பனியில நனைஞ்சு வந்திருக்குடி. பனி விழுற மலையில காத்து கருப்பு அண்டியிருக்கு. மூணு வெள்ளிக்கு ஊசி மருந்து படக்கூடாது. காதுல கெடக்குறதத் தட்டுல போடு."

வெளியே வெயிலில் தார் ரோடு இளகிக்கொண்டிருந்தது. மட்டாஞ்சேரியில் பனி என்றால் மீன் பெட்டியில் இருக்கிற ஐஸ்தான். ஆனால் கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. அருண்பாண்டி மகாவின் தோட்டைத் திருக ஆரம்பித்துவிட்டார்.

அவர் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தேன். திட்டவில்லை, திட்டினால் ஆத்தாவுக்குத்தான் லாபம். ஒரே ஒரு காரியம் செய்யச் சொன்னேன். அனிலிடம் போய், என்னைப் பட்டி கடித்துவிட்டது என்று மலையாளத்தில் சொல்லுங்கள். பட்டி என்றால் இங்கே நாய். உண்மையான ஆத்தாவாக இருந்தால், பொய் சொல்லாதே என்று உங்களை விரட்டட்டும். நானே தோட்டைக் கழற்றித் தருகிறேன். ஆத்தா மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை, அதனால்தான் ஒத்துக்கொண்டார்.

மறுபடி டோக்கன், மறுபடி உடுக்கை. அந்தச் சத்தத்தில் ஆத்தாவின் காதில் பட்டி பாட்டியாகிவிட்டது.

"ஒன் பாட்டி ஒம்மேல பல்லக் கடிச்சிக்கிட்டு நிக்கிறாடா மகனே. படையல் வைக்க மறந்துட்டே."

வாசலில் நின்ற அனிலுக்குத் தூக்கிவாரிப்போட்டது. உடுக்கை நின்றுபோனதை மறந்து போனில் கத்தினான். "பாட்டி அல்ல அண்ணா, பட்டி. நாய், நாய்."

கிடங்கு முழுக்கக் கேட்டது. கண்ணை மூடியிருந்த ஆத்தாவுக்கோ அது தன் காதில் மட்டும் விழுந்ததாக நினைப்பு.

"ஒன் பாட்டி நாயா வந்து கடிச்சிருக்கா" என்றாள்.

இதற்கும் முன்வரிசையில் சிலர் கைகூப்பினார்கள். நம் ஜனங்களின் பக்தி லேசில் அசையாது.

அருண்பாண்டி தயங்கித் தயங்கிச் சொன்னார். "என்ன எந்த நாயும் கடிக்கல ஆத்தா. அனில் சேட்டங்கிட்ட பொய் சொன்னேன்."

சொல்லிவிட்டு ஆத்தாவின் காதை மூடிய மல்லிகைப் பூவை விலக்கினார். காதுக்குள் கருப்பாய் ஓர் இயர்போன். திரும்பிப் பார்த்தால் அனிலைக் காணோம். ஆத்தா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பின்வாசலுக்குப் பாய்ந்தாள். வாசலைத் தாண்டும்போது தங்கதுரையாகியிருந்தாள்.

கூட்டம் துரத்தப் போயிற்று. நாங்கள் யூசுப் இக்காவின் ஆட்டோவில் ஏறினோம். ஆஸ்பத்திரியில் டெங்கு என்றார்கள், இன்னும் தள்ளிப்போட்டிருந்தால் பிள்ளை தங்கியிருக்காது என்றார்கள். டிரிப் ஏற்றினார்கள். மகா பிழைத்தாள்.

தங்கதுரை கள்ளன் என்றால் சாமியே இல்லை என்று ஆகிவிடுமா என்று என் வீட்டுக்காரர் இன்னும் கேட்கிறார். நான் அவ்வளவு தூரம் போகவில்லை. அன்றைக்கு என் பிள்ளை என் தோளில் கொதித்துக்கொண்டு கிடந்தாள். அத்தனை கைகள் ஆத்தாவைக் கும்பிட்டன, அதில் ஒரு கைகூட என் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்க்கவில்லை. மேலே யாராவது இருந்தார் என்றால் அவரும் சும்மாதான் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றோடு கும்பிடுவதை விட்டேன்.

அதே கிடங்கில் இப்போது புதிதாகப் பந்தல் போடுகிறார்கள். வரப்போகிற சாமிக்கு மலையாளமும் தெரியுமாம். போகிறவர்கள் போங்கள். வரிசையில் நிற்கும்போது ஒரே ஒரு பொய் சொல்லிவிட்டுப் போங்கள். அதற்கும் பரிகாரம் சொன்னால், செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து சேருங்கள்.